பீனிசமும் மூக்கு மருந்தும் - கொஞ்சம் வரலாறு

பீனிசம்னு வீட்டுல பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்பீங்க. சமஸ்கிருத 'பீனஸ'த்திலிருந்து வந்த சொல். ஏறக்குறைய அதைத்தான் இப்ப சைனஸ்ங்கிறோம்.

தலைக்கு வாசல் மூக்குதான் என்பது ஆயுர்வேத நூல்களின் கணக்கு. அதனால மருந்தையும் மூக்கு வழியாவே விட்டாங்க. இதுக்குப் பேரு நஸ்யம். சரக சம்ஹிதை சொல்லும் அணு தைலத்தைப் பாருங்க: மூலிகைக் கஷாயம் சேர்த்து எண்ணெயைப் பத்து தடவை காய்ச்சணும், பத்தாவது தடவை ஆட்டுப்பாலும் சேர்க்கணும். எவ்வளவு பொறுமை வேணும்!

உப்புத்தண்ணி ஊத்தி மூக்கைக் கழுவுற ஜலநேதியையும் பலர் ஆயுர்வேதக் கணக்குலயே எழுதறாங்க. நேதி ஹடயோகத்துச் சரக்குங்க. 15-ஆம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகை சொல்ற நேதிக்குத் தண்ணியே கிடையாது, நூல்தான்! மூக்குல விட்டு வாய் வழியா எடுக்கணுமாம்.

பழசு என்பதாலேயே எல்லாம் பத்திரம்னு நினைச்சுடாதீங்க. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த்தண்ணியால் மூக்கைக் கழுவின ரெண்டு பேர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்துபோனாங்க. தலைக்கு வாசல்னு சொன்ன அதே வழியாத்தான் அதுவும் நுழைஞ்சது.

கழுவுறதா இருந்தா, கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணியிலதான் கழுவுங்க. நாள்பட்ட தொந்தரவுன்னா முதல்ல மருத்துவரைப் பாருங்க, மக்களே.