கூரை தூய்மைப் பணி: கழக்கூட்டம் வீடுகளில் முறையும் செலவும்

கூரை தூய்மைப் பணி என்பது வீட்டின் ஓட்டிலும் மொட்டை மாடியிலும் தகரக் கூரையிலும் படியும் பாசி, சருகு, கரும்படிவம் ஆகியவற்றைக் கூலிக்கு ஆள்வைத்து அகற்றும் வேலை. திருவனந்தபுரத்தின் வடக்குப் புறநகரான கழக்கூட்டத்தில், ஜூன் மாதத்து இடவப்பாதி மழைக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) முன்பாக வீட்டுக்காரர்கள் முடிக்க வேண்டிய பராமரிப்பு வேலைகளில் இதுவும் ஒன்று.

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 மி.மீ. மழை பெய்கிறது. கேரளத்தின் பிற பகுதிகளோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். ஆனால் தென்மேற்குப் பருவமழை, துலாவர்ஷம் எனப்படும் வடகிழக்குப் பருவமழை என இரண்டு பருவங்களில் பெய்வதால் கூரை முழுதாக உலரும் மாதங்கள் சில மட்டுமே. அரபிக்கடல் அருகில் இருப்பதால் காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் மாவும் நிழல் விரிக்கின்றன. பாசிக்கு வேண்டியது இவ்வளவுதான்.

கூரையில் வளர்வதெல்லாம் ஒரே இனம் அல்ல. கருப்பாகத் திட்டுத் திட்டாகப் படர்வது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. பச்சை மெத்தைபோல் தடித்து ஓட்டின் இடுக்குகளில் தண்ணீரைத் தேக்குவது மாஸ் தாவரம். சாம்பல் வட்டங்களாக ஒட்டிக்கொண்டு எளிதில் விடாதது லைக்கன். செம்மஞ்சள் நிறத்தில் சுவரிலும் மரப்பட்டையிலும் தெரிவது டிரென்டிபோலியா என்ற பாசி. 2001 ஜூலை முதல் செப்டம்பர் வரை கேரளத்தில் பெய்த செந்நிற மழையை, ஆக்குளத்தில் உள்ள புவி அறிவியல் ஆய்வு மையமும் பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனமும் ஆராய்ந்தன. நீருக்கு நிறம் தந்தவை இந்த டிரென்டிபோலியாவின் வித்துகளே என்பது அவற்றின் முடிவு. ஆக்குளம் கழக்கூட்டத்துக்குப் பக்கத்து ஊர். காற்றிலேயே வித்துகள் மிதக்கும் ஊரில், ஒருமுறை கழுவிய கூரை நிரந்தரமாகச் சுத்தமாக இருக்கும் என்று யார் உறுதி சொன்னாலும் நம்ப வேண்டியதில்லை.

கூரை வகைகள்

பழைய வீடுகளில் மங்களூர் ஓடு. பாசல் மிஷனைச் சேர்ந்த கியோர்க் பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய வகை இது. கைமரத்தின்மேல் ரீப்பர் என்னும் குறுக்குப் பட்டை அடித்து, ஆணியில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று கொக்கி மாட்டியதுபோல் அடுக்கப்படும். தகவல்தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990இல் வந்த பிறகு எழுந்த வீடுகளிலும் அடுக்ககங்களிலும் கான்கிரீட் தளமே மிகுதி. சரிவான கான்கிரீட்டின்மேல் அழகுக்காக ஓடு பதித்த வீடுகளும் உண்டு. மொட்டை மாடிக்கு மேலே இரும்புச் சட்டம் நிறுத்தி வண்ணத் தகடு போடுவது கேரளமெங்கும் காணும் வழக்கம். ஒவ்வொன்றையும் சுத்தம் செய்யும் முறை வேறு. கூரை எந்த வகை என்று கேட்காமலே விலை சொல்பவர் வேலையைப் புரிந்துகொள்ளவில்லை.

முறை

மங்களூர் ஓட்டுக்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஓடுகளைப் பிரித்துத் தரைக்கு இறக்கி, நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவி, வெயிலில் உலர்த்தி, உடைந்ததை மாற்றி, திரும்ப மேய்வது. ஆளும் நாளும் அதிகம் பிடிக்கும். ஆனால் ரீப்பரில் கரையான் ஏறியிருப்பதும் கைமரம் உளுத்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். மரச்சட்டம் உள்ள பழைய வீட்டுக்கு இன்றும் இதைவிட நல்ல முறை இல்லை.

பிரிக்காமல் செய்வதென்றால் முதலில் சருகைக் கையால் வாரி, கூரையோர நீர்வடிகாலிலும் இரண்டு சரிவுகள் சேரும் உள்மடிப்பிலும் அடைப்பு நீக்க வேண்டும். தடித்த மாஸை மரச் சுரண்டியால் எடுத்த பிறகே தண்ணீர். பாசியைக் கொல்ல நீர்த்த பிளீச்சிங் கரைசலைத் தெளித்துச் சிறிது நேரம் ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் அலசுவது சரியான வழி. தண்ணீரை எப்போதும் முகட்டிலிருந்து கீழ்நோக்கியே அடிக்க வேண்டும். கீழிருந்து மேலே அடித்தால் ஓடுகள் ஏறும் இடுக்கு வழியாக நீர் மச்சுக்குள் இறங்கிவிடும்.

வீட்டு உபயோக அழுத்தக் கழுவிகள் 100 பாருக்கு மேல் அழுத்தம் தருபவை. கான்கிரீட் தளத்துக்கு அது பொருந்தும். சுட்ட மண் ஓட்டில் அதையே நெருக்கமாகப் பிடித்தால் சூளையில் இறுகிய மேற்பரப்பு சுரண்டப்படுகிறது, துளைகள் திறக்கின்றன, ஓடு முன்பைவிட அதிகமாக நீர் குடிக்கிறது. அடுத்த மழையில் பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். கழுவிய அன்று எடுத்த படத்தில் கூரை செக்கச்சிவந்து மின்னும். வளைகுடாவில் இருந்துகொண்டு கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்க்கும் உரிமையாளருக்கு இழப்பு தெரிவதில்லை.

தகரத்துக்கு வெறும் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். உப்புக்காற்றால் ஏற்கெனவே துருப்பிடிக்கும் தகட்டைப் பிளீச்சிங் இன்னும் அரிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் தேய்க்கவோ அழுத்தத் தண்ணீர் அடிக்கவோ கூடாது. அதிலிருந்து விடுபடும் இழைகள் புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பிளீச்சிங்கோடு கழிப்பறை அமிலத்தைக் கலப்பது எந்தக் கூரைக்கும் ஆகாது, குளோரின் வாயு கிளம்பும்.

கேரளத்தில் கூரைத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் வீட்டுக் கிணற்றின் சுற்றுப்புறம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓராண்டில் விழும் மழை ஏறத்தாழ 1.67 லட்சம் லிட்டர். இதைக் கிணற்றுக்கோ தொட்டிக்கோ திருப்பியிருப்பவர்கள் கழுவும் நாளில் குழாயைப் பிரித்துவிட வேண்டும், கிணற்றை மூட வேண்டும், முதல் மழையையும் வெளியே விட வேண்டும். செடிகளை முன்னதாகவே நன்றாக நனைத்துவைத்தால் பிளீச்சிங் அவற்றைக் கருக்காது. பாசி திரும்ப வராது என்று மயில்துத்தம் தெளிப்பவர்களும் உண்டு. அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வேளி, ஆக்குளம் காயல்களுக்கு வடியும் நிலத்தில் அதைத் தவிர்ப்பதே முறை.

செலவு

விலை பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. முதல் குழப்பமும் அங்கேதான். வீட்டின் தரைப்பரப்பும் சரிந்த கூரையின் பரப்பும் ஒன்றல்ல. 1,000 சதுர அடித் தரைக்கு மேல் 30 பாகைச் சரிவு என்றால் கூரை 1,155 சதுர அடி, 45 பாகை என்றால் 1,414. சுவருக்கு வெளியே நீளும் இறவாரம் தனி. எந்த அளவில் கணக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

செலவின் பெரும்பகுதி கூலி. ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2021-22இல் கேரளக் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி 837.7 ரூபாய், நாட்டின் சராசரி 373.3. அந்தக் கூலியிலேயே இருவர் இரண்டு நாள் உழைத்தால் 3,351 ரூபாய். இயந்திர வாடகை, தண்ணீர், மருந்து, வண்டி, உடைந்த ஓட்டுக்கு மாற்று ஆகியவை இதற்கு மேல். சரிவும் உயரமும் கூடினால் விலையும் கூடும். கழுவிய பிறகு நீர்விலக்கிப் பூச்சோ ஓட்டு வண்ணமோ கேட்டால் அது தனிக் கணக்கு, பல சமயம் கழுவும் செலவைத் தாண்டிவிடும். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டிய நிறுவனம் என்றால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும்.

மிகக் குறைந்த விலை சொல்பவரிடம் எந்தச் செலவைக் குறைத்தார் என்று கேட்க வேண்டும். அநேகமாகக் கயிறும் இடுப்புவாரும்தான் குறைந்திருக்கும். ஈர ஓட்டில் கால் வழுக்கும். ஓட்டின் நடுவில் மிதித்தால் உடைந்து ஆள் உள்ளே விழுவார். அடியில் ரீப்பர் தாங்கும் வரிசையில், ஓடுகள் ஏறும் இடத்தில் கால் வைக்க வேண்டும், அல்லது ஏணிப்பலகை விரிக்க வேண்டும். பக்கத்தில் மின்கம்பி போகும் வீடுகளில் அலுமினியக் கம்பு எடுக்கவே கூடாது.

சட்டம் இங்கே துணைக்கு வருவதில்லை. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஒருவர் தம் சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் செய்விக்கும் வேலையை வரம்புக்கு வெளியே விட்டது. 2020இன் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எல்லையை 50 லட்சமாக்கியது. வீட்டுக் கூரையைக் கழுவும் செலவு இதன் அருகில்கூட வராது. எனவே மேலே ஏறுபவரின் உயிருக்கான பொறுப்பு, வேலைக்கு அழைக்கும் குடும்பத்தின் மனசாட்சியிடம் விடப்பட்டிருக்கிறது. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கு உள்ள எவரும் 18 முதல் 70 வயதுவரை ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டி 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு பெறலாம். ஏணி சாத்துவதற்கு முன் குழுவில் ஒவ்வொருவருக்கும் அது இருக்கிறதா என்று கேட்டு, இல்லாதவருக்கு அந்த 20 ரூபாயை விலையோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.