பலகைச் சுவரில் ஒரு நிறம்



எங்கள் கல்முனைக் கரையோரத்திலே ‘கல்வீடு’ என்றால் செங்கல்லால் கட்டிய வீடு என்பது மாத்திரம் பொருளன்று. கிடுகுக் குடிசையிலிருந்து ஒரு குடும்பம் ஏறி வந்த படியையும் அச்சொல் குறிக்கும். அந்தப் படியிலிருந்து பல குடும்பங்கள் ஒரே காலைப்பொழுதில் கீழே விழுந்தன. அது 2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கிழக்குக் கரையில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு தடை விதித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனாலும் அதுவரை, எஞ்சியோர் பலருக்குப் பலகைச் சுவரும் தகரக் கூரையுமே வீடாயின.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிது. மருதமுனையில் எங்களுக்குச் சாரன் நெய்து தந்த உம்மா ஒருவரைப் பார்க்கப் போனேன். தறியும் போய்விட்டது, வீடும் போய்விட்டது. உப்புக் காற்றில் பலகைகள் கறுத்து, விளிம்புகள் பிளந்திருந்தன. “தீந்தை பூசினால் என்ன உம்மா?” என்று கேட்டேன்.

“தீந்தை அடிச்சா இதுதான் ஊடெண்டு ஆயிரும் தம்பி” என்றார்.

தீந்தை என்பது போர்த்துக்கேயரின் ‘திந்தா’ என்ற சொல்லின் வழி நமக்கு வந்தது. இதை வகுப்பில் சொல்லிக் கொடுப்பவன் நான். ஆயினும் அந்தச் சொல்லுக்குள் இப்படியொரு அச்சம் இருக்கக்கூடும் என்று அன்றுதான் அறிந்தேன்.

மரவீட்டுக்கு நிறம் பூசிய வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். சுவீடன் நாட்டில் பாலுன் என்னும் ஊரிலே பெரிய செப்புச் சுரங்கம் ஒன்று இருந்தது. அதன் கழிவு மண்ணைச் சுட்டால் செந்தூள் கிடைக்கும். அத்தூளைத் தண்ணீர், தானிய மா, அன்னபேதி, ஆளிவிதை எண்ணெய் ஆகியவற்றோடு காய்ச்சிப் பலகையில் பூசினார்கள். அப்பூச்சு மரத்தை மூச்சடைக்க மூடுவதில்லை. உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறிவிடும், மரமும் உழுத்துப் போகாது. 17ஆம் நூற்றாண்டில் அங்குள்ள செல்வர்கள் தங்கள் மரமாளிகைகளுக்கு அதைப் பூசியது வேறொரு நோக்கத்தோடு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அவை செங்கல் மாளிகையாகத் தோன்ற வேண்டும்! 19ஆம் நூற்றாண்டிலே அந்தச் சிவப்பு உழவர் வீடுகளுக்கும் பரவிற்று. சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. கழிவு மண்ணிலிருந்து சாயம் எடுப்பது மாத்திரம் இன்னும் நிற்கவில்லை.

ஆக, கல்வீட்டு ஆசை நம்மூருக்கு மட்டும் உரியதன்று.

2005 நவம்பரில் நோன்புப் பெருநாளுக்கு முன்பு மீண்டும் மருதமுனைக்குப் போனேன். பெருநாள் வந்தால் சுவருக்கு வெள்ளையடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சுண்ணாம்போ பலகையில் ஒட்டாது, காய்ந்ததும் பொருக்காக உதிரும். உம்மாவின் மகன் தோணிக்குப் பூசி மிஞ்சிய நீலத்தை முன்பக்கச் சுவருக்கு மட்டும் அடித்துக் கொண்டிருந்தான்.

நான் பழைய பேச்சை எடுக்கவில்லை. அவரே சொன்னார்: “பெருநாளைக்கு வாற சனத்துக்கு எங்கட முகம் தெரியோணும், தம்பி.”

சுவீடனின் செல்வர் தம் மரத்தைக் கல்லாகக் காட்டப் பூசினர். இந்த உம்மா எதையும் வேறொன்றாகக் காட்ட விரும்பவில்லை. சில ஆண்டுகளில் அவருக்குக் கல்வீடு கிடைத்தது. அந்தப் பலகைகளால் பின்வளவில் கோழிக்கூடு அடித்தார்கள். கடைசியாக நான் பார்த்தபோதும் நீலம் முழுவதுமாகப் போயிருக்கவில்லை.