ட்ரெக்குக்கு எந்தப் பாதை? குரங்கணி மலை சொல்லும் பதில்

லாங் வீக்எண்ட் வருதுன்னு தெரிஞ்சதும் நம்ம நண்பர்கள் குரூப்ல முதல்ல வர்ற கேள்வி, "எந்த மலைக்குப் போகலாம்?" அடுத்து யாராவது ஒரு ரீல்ஸ் லிங்க் அனுப்புவாங்க. வியூ நல்லா இருக்கா, எத்தனை கிலோமீட்டர் நடக்கணும், மேல டென்ட் போடலாமா. இந்த மூணுக்கும் பதில் கிடைச்சா ட்ரெக் முடிவாயிடும்.

இந்த எபிசோட்ல நான் நாலாவதா ஒரு கேள்வியைச் சேர்க்கப் போறேன். அந்தப் பாதையை யார், எதுக்காகப் போட்டாங்க? பழைய கதை தெரிஞ்சுக்கற ஆசைக்காக மட்டும் இதைக் கேட்கலை. எந்தப் பாதையில, எந்த மாசத்துல போகணும்னு முடிவு பண்ண இந்தக் கேள்வி நேரடியா உதவும். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கிற இடம் தேனி மாவட்டத்தில் இருக்கிற குரங்கணி.

ஒரே மலை, ரெண்டு வானிலை

போடிநாயக்கனூர்ல நின்னு மேற்கே பார்த்தா, சுவர் எழுப்பின மாதிரி மலை தெரியும். போடி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கு. மலை விளிம்பில் இருக்கிற டாப் ஸ்டேஷன் சுமார் 1,700 மீட்டர். நடுவில் குரங்கணி, முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன்னு சின்னச் சின்ன ஊர்கள். விளிம்பைத் தாண்டினா மூணாறு.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். போடி இருப்பது மழை மறைவுப் பகுதியில். இந்தப் பக்கம் அதிகமாக நம்பியிருப்பது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையைத்தான். அதனால மூணாறு பச்சையா இருக்கும்போதே, பிப்ரவரி கடைசியில கிழக்குச் சரிவில் ஆளுயரப் புல் காய்ஞ்சு சருகாயிடும். குறிஞ்சி நிலம் வறண்டால் பாலையாக மாறும் என்ற கருத்து சிலப்பதிகாரத்திலேயே இருக்கு. அது எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா மார்ச் மாதத்துக் குரங்கணிச் சரிவைப் பார்த்தாப் போதும்.

சுமை இறங்கிய வழி

இந்த மலையில் முதலில் பாதை போட்டவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள்தான். முதுவர் பழங்குடியினர், தங்கள் முன்னோர் மதுரையை விட்டு வெளியேறி மீனாட்சி அம்மன் சிலையை முதுகில் சுமந்துகொண்டு மலையேறியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். முதுகில் சுமந்ததால் முதுவர் என்று பெயர் வந்ததாம். இது வாய்மொழி வரலாறு. ஒரு சமூகம் தன்னுடைய கதையையே ஒரு மலையேற்றத்திலிருந்து தொடங்குது என்பது எனக்குப் பிடிச்ச விஷயம்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். அந்தப் பெயரே கண்ணன் தேவன் என்ற முதுவர் தலைவரின் நினைவாக வந்தது என்று ஒரு வழக்கு உண்டு. அடுத்த சில பத்தாண்டுகளில் காடு அழிந்தது, தேயிலை வந்தது. இப்போது ஒரு புதிய சிக்கல். பறித்துப் பதப்படுத்திய தேயிலையை மலையிலிருந்து எப்படி வெளியே கொண்டுபோவது?

1902-இல் மூணாறிலிருந்து குண்டளப் பள்ளத்தாக்கு வழியாக ஒரு மோனோரயில் போட்டார்கள். நம்ம மெட்ரோ மாதிரி எதையும் கற்பனை பண்ணிக்காதீங்க. வண்டியின் ஒரு சக்கரம் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும், சமநிலைக்கு இன்னொரு பெரிய சக்கரம் தரையில் உருளும். இழுத்தது காளை மாடுகள். 1908-இல் அதை எடுத்துவிட்டு இரண்டு அடி அகலச் சிற்றிரயில் பாதை அமைத்தார்கள், நீராவி எஞ்சின் வந்தது. அந்த ரயிலின் கடைசி நிலையம்தான் டாப் ஸ்டேஷன். இன்னைக்கு நாம செல்ஃபி எடுக்கிற வியூ பாயிண்டுக்கு ஸ்டேஷன்னு பேர் வந்தது இப்படித்தான்.

அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிக்கு வந்தன. அது பாட்டம் ஸ்டேஷன். பிறகு மாட்டு வண்டியில் போடி, அப்புறம் துறைமுகம், கடைசியாக இங்கிலாந்து. டாப், சென்ட்ரல், பாட்டம் என்ற மூன்று பெயர்களும் அந்தச் சரக்குப் பயணத்தின் மிச்சம்.

தேயிலை இறங்கிய அதே சரிவில் மனிதர்கள் ஏறினார்கள். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய தொழிலாளர்கள், குடும்பத்தோடு, பாத்திரம் பண்டத்தோடு இந்த மலையை நடந்தே ஏறினார்கள். தேயிலைக்கு ரோப்வே இருந்தது. அதைப் பறிக்கப் போனவர்களுக்குக் கால்தான். இப்போ நாம காசு கொடுத்து நடக்கிற ஏற்றத்தை அவங்க கடன் வாங்கின முன்பணத்தோட நடந்தாங்க.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் மூணாற்றைப் புரட்டிப் போட்டது. கேரளத்தில் இன்றும் அதை 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்கிறார்கள், கொல்லம் ஆண்டு 1099-ஐ வைத்து. ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது, மறுபடி போடப்படவே இல்லை. தேயிலை வேறு சாலைகளைத் தேடிக்கொண்டது. மலைக் கிராமங்களின் ஒற்றையடிப் பாதைகள் மட்டும் புழக்கத்தில் தங்கின.

மேப்பில் இருக்கும், தரையில் இருக்காது

பக்கத்திலேயே இன்னொரு பாதை. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு வரும் பழைய சாலை. முதலில் குதிரை போகிற தடம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படையெடுத்தால் வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலிலிருந்து கொச்சிக்குத் தப்பிப் போக இதைத் தயார் செய்தார்கள். அதனால 'எஸ்கேப் ரோடு' என்று பேர். ஜப்பான்காரன் கொடைக்கானலுக்கு வரலை. சாலையை 1990-இல் மூடிட்டாங்க.

இன்று அந்தப் பகுதியில் தமிழ்நாட்டுப் பக்கம் வனவிலங்குச் சரணாலயம், கேரளப் பக்கம் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. போன்ல ஒரு கோடு தெரியுதுங்கறதுக்காக அது நடக்கிற பாதை ஆயிடாது. யாருக்காகவோ, எப்போதோ தேவைப்பட்ட கோடு அது. இப்போது அதில் நடப்பவை காட்டுமாடுகளும் யானைகளும்.

2018, மார்ச் 11

இங்க கொஞ்சம் நிறுத்திப் பேசணும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து வந்த மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். நிறையப் பேர் இளம்பெண்கள். நம்மை மாதிரி வேலைக்குப் போகிறவர்கள், விடுமுறைக்கு வந்தவர்கள். காய்ந்த புல்லில் தீ பரவியது. அன்றும் அடுத்து வந்த வாரங்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிரிழந்தார்கள். உதவிக்கு முதலில் மலையேறி ஓடியவர்களில் அடிவாரக் கிராமத்து மக்களும் இருந்தார்கள்.

தீ சரிவில் மேல்நோக்கி வேகமாக ஏறும். கீழே எரியும் நெருப்பின் சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். மேலே ஓடுகிற மனிதனுக்கோ ஒவ்வொரு அடியும் மூச்சு வாங்கும். ஆளுயரப் புல்லுக்கு நடுவே எந்தப் பக்கம் வழி என்றும் தெரியாது.

இறந்தவர்களைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லலை. மலை புதுசா இருக்கிற ஒருத்தருக்கு மார்ச் மாதப் புல் அழகான பொன்னிறக் காட்சியாத்தான் தெரியும். அதில் ஆபத்து இருக்குன்னு சொல்ல வேண்டியது அந்த மலையை அறிந்தவர்களும், ஆட்களை அழைத்துப் போகிறவர்களும், அனுமதி கொடுக்கிறவர்களும்தான். அந்த அறிவு பல தலைமுறைகளாக அங்கே இருந்தது. வந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு அரசு விசாரணை நடத்தியது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். வழிகாட்டிகள் அந்தந்த ஊர்க்காரர்கள், பழங்குடி இளைஞர்களும் உண்டு. தீக்காலத்தில் பாதைகளை மூடுகிறார்கள். லீவு அப்போதான் கிடைச்சுதுன்னு சிலர் சலிச்சுக்கறதைப் பார்த்திருக்கேன். அந்தத் தடைக்குக் கொடுத்த விலை என்னன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

அப்போ எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

நான் பாதை தேடும்போது மூணு விஷயம் பார்க்கிறேன்.

ஒண்ணு, இந்த வழியில் இப்பவும் யாராவது தினமும் நடக்கிறாங்களா? பள்ளிக்கூடத்துக்கோ, ரேஷன் வாங்கவோ ஊர்மக்கள் நடக்கிற பாதையில் தடம் தெளிவா இருக்கும், தண்ணீர் எங்கே என்று தெரியும், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஊர் இருக்கும். வியூவுக்காக மட்டும் உருவான தடத்தில் இது எதுவும் நிச்சயம் கிடையாது.

ரெண்டு, மலையின் எந்தப் பக்கம்? மேற்கா, கிழக்கா? மூணாறு ரீல்ஸில் பார்த்த பச்சையை நம்பி போடிப் பக்கத்துக்கு மார்ச்சில் பை கட்டக்கூடாது.

மூணு, ஊர்க்காரர்கள் எந்த மாதத்தில் அந்தச் சரிவுக்குப் போகமாட்டார்கள்? ரேட்டிங், ரிவ்யூ எல்லாத்துக்கும் மேல இந்த ஒரு பதில் பெரிசு. இதைச் சொல்லத் தெரியாத ஒருத்தர் உங்களைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா, வேண்டாம்னுடுங்க.

டாப் ஸ்டேஷன் பக்கம் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. தீ வந்த அதே ஆண்டில், சில மாதங்கள் கழித்து, மழைக்குப் பிறகு அந்த மலைகள் நீலமாயின. அடுத்த பூப்புக்குப் பெருங்கூட்டம் போகும், நானும் போவேன். குறிஞ்சி பூக்கிறது ஏறக்குறைய ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, மலை நனைந்திருக்கிற காலத்தில். நீங்களும் அப்பவே கிளம்புங்க, ஊர்க்காரர் ஒருத்தர் முன்னால நடக்கட்டும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.