டொனால்ட்சன் என்ற 'களவுப் பதிப்பாளர்'

இணையத்தில் நூல்களைப் பிரதி பண்ணுவோரைக் 'கொள்ளையர்' என்று ஏசக் கேட்கும்போதெல்லாம், எனக்கு எடின்பரோ புத்தக வியாபாரி அலெக்சாண்டர் டொனால்ட்சனின் ஞாபகமே வருகிறது. லண்டன் வியாபாரிகள் அவரையும் இப்படித்தான் ஏசினார்கள்.

1710இல் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை தந்தது. ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னுமொரு 14. தவணை முடிந்த பின்னும் லண்டன்காரர் விடவில்லை. எழுத்து சொத்து, சொத்துக்கு ஏது தவணை என்றார்கள். வாதம் எழுத்தாளன் பெயரால். இலாபம் எவர் பைக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

ஜேம்ஸ் தொம்சனின் 'பருவங்கள்' நெடுங்கவிதையை டொனால்ட்சன் மலிவாக அச்சிட்டார். கவிஞர் 1748இலேயே இறந்துவிட்டார். உரிமையை ஏலத்தில் வாங்கியிருந்த தோமஸ் பெக்கெற் முதலானோர் வழக்காடினர். 1774 பெப்ரவரியில் பிரபுக்கள் சபை, சட்டத்தின் தவணைக்கு அப்பால் உரிமையில்லை என்றது. எடின்பரோவில் தீ மூட்டிக் கொண்டாடினார்களாம்!

தவணையோ வளர்ந்துகொண்டே போயிற்று. அமெரிக்கா 1998இல் ஆசிரியரின் ஆயுளுக்குப் பின் 70 ஆண்டு என்றாக்கியது; எண்ணிமப் பூட்டை உடைப்பதையும் அதே ஆண்டு தடைசெய்தது. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் 70 என்றே சொல்கிறது. அந்தக் கணக்கில் டொனால்ட்சன் 1818 வரை காத்திருக்க வேண்டும். அவர் காலமானது 1794இல்.