வால்வுக்குள் எழுந்த நீலம்

வீட்டில் கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபயரில் இன்று பழுதின் அடையாளமாக அஞ்சப்படும் நீல ஒளி, வால்வு பிறந்த காலத்தில் அதன் இயல்பாகவே கருதப்பட்டது. 1906ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய ஆடியான் என்னும் கண்ணாடிக் குழாயில், சூடேறி எலக்ட்ரான்களை உமிழும் இழையும், அவற்றை ஈர்க்கும் பிளேட் என்ற தகடும், இவ்விரண்டுக்கும் நடுவே நின்று ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆளும் கிரிட் என்ற கம்பி வலையும் இருந்தன. குழாய்க்குள் சிறிது வாயு எஞ்சியிருப்பதாலேயே கருவி இயங்குகிறது என்று டி ஃபாரஸ்ட் நம்பினார். கம்பியில்லாத் தந்தியாளர்களும் பிளேட்டின் வோல்ட்டை மெல்ல ஏற்றி, நீலம் படரத் தொடங்கும் எல்லையைக் கண்டறிந்து, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்தியே செய்தியைக் கேட்டனர். எல்லையைக் கடந்தால் குறிகை அடங்கிப்போகும்.

1912இல் தொலைபேசி நிறுவனமான ஏ.டி.&டி.யின் பொறியாளர்களுக்கு ஆடியான் காட்டப்பட்டபோது, வலுவான குறிகை வந்ததும் குழாய் நீலப் புகை சூழ்ந்து திணறியது. அங்கிருந்த ஹெரால்ட் ஆர்னால்ட், வாயு துணையன்று, தடையே என்று கண்டுகொண்டார். அதே காலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் இர்விங் லாங்மியூரும் இம்முடிவுக்கு வந்தார். விரையும் எலக்ட்ரான் வாயுவின் அணுவில் மோதி அதன் எலக்ட்ரானை உதிர்க்கையில் நேர்மின் அயனி பிறக்கிறது. மோதலில் கிளர்ச்சியுற்ற அணுக்கள் உமிழும் ஒளியே அந்த நீலம். காற்றை மிக நுட்பமாக வெளியேற்றிய வால்வுகளைக் கொண்டே 1915 ஜனவரியில் நியூயார்க்கும் சான் பிரான்சிஸ்கோவும் தொலைபேசியில் பேசிக்கொண்டன. கிரிட்டைச் சேர்த்தவரின் புகழ் இன்றும் நிலைத்திருக்க, வெற்றிடத்தின் மதிப்பை உணர்த்தியவர்களின் பெயர் அருகிப்போனது நியாயமன்று.

வெற்றிடம் கைவந்த பின்னரே வால்வின் ஒளியைக் குறியாகப் படிக்க இயன்றது. தொடக்க கால டங்ஸ்டன் இழைகள் விளக்கைப் போல வெண்மையாக எரிந்தன. ஆக்சைடு பூசிய கேத்தோடு, அதாவது எலக்ட்ரான் உமிழும் முனை, மங்கிய செவ்வொளியிலேயே பணி செய்தது. கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளி போலப் படிந்திருக்கும் கெட்டர், எஞ்சிய வாயுவை உறிஞ்சுவதற்கான உலோகப் பூச்சாகும். காற்று புகுந்துவிட்டால் அது வெளுத்துவிடும். கண்ணாடிச் சுவரை ஒட்டித் தெரியும் நீலம், தப்பிய எலக்ட்ரான்கள் கண்ணாடியைத் தாக்குவதால் எழுவது, அதனால் கேடில்லை. முனைகளுக்கு நடுவே ஊதாவாகப் பரவும் மூட்டமோ வாயுவைக் காட்டிக்கொடுப்பது. மாறுதிசை மின்னோட்டத்தை ஒருதிசையாக்கும், பாதரச ஆவி நிரப்பிய ரெக்டிஃபயர் குழாய்களிலோ நீலம் ஒளிர்வதே முறையான இயக்கம்.

1947இல் பிரிட்டனின் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வில்லியம்சன் வெளியிட்ட 15 வாட் ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பு, இரண்டு கேடி66 வால்வுகளைக் கொண்டு பலரை வீட்டில் கட்டத் தூண்டியது. அவ்வகைக் கருவிகளில் பிளேட்டே செந்தணலாகச் சிவப்பதுதான் ஆகக் கொடிய நிலை. கிரிட்டில் இருக்க வேண்டிய எதிர்மின் அழுத்தமான பயாஸ் குறைந்து, மின்னோட்டம் கட்டுமீறுவதை அது காட்டுகிறது. முந்தைய கட்டத்தின் நேர்மின்னழுத்தத்தைத் தடுத்துக் குறிகையை மட்டும் விட வேண்டிய இணைப்புக் கண்டன்சர், குறிப்பாகப் பழைய காகித வகை, கசிந்தால் இந்நிலை நேரும். வால்வுக்குள் வாயு சேர்ந்தாலும் இதுவே விளையும்: அயனிகள் கிரிட்டை அடைய, அம்மின்னோட்டம் கிரிட் ரெசிஸ்டரில் பயாஸைக் குலைக்க, பிளேட் மேலும் சூடேறி, உலோகத்தில் தங்கிய வாயுவையும் வெளியேற்றி, கேட்டைத் தானே வளர்த்துக்கொள்ளும். எனவே, சிவப்பைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தி, வடிகட்டும் கண்டன்சர்களில் தங்கிய நூற்றுக்கணக்கான வோல்ட்டை வடிய விட்ட பின்னரே ஆராய்தல் வேண்டும். இணை வால்வுகளை இடம் மாற்றிச் சிறிது நேரம் மட்டும் இயக்குகையில், சிவப்பு வால்வோடு நகர்ந்தால் குற்றம் வால்வினுடையது. பழைய சாக்கெட்டிலேயே நின்றால், கண்டன்சரையும் பயாஸ் சுற்றையும் தேட வேண்டும்.