பானை தேர்ந்தெடுத்த பயறு

இஸ்ரேலின் கார்மேல் மலைச்சரிவில் எல்-வாத் என்னும் தொல்லிடத்தில் கருகிய விதைகள் சில கிடைத்தன. வயது ஏறத்தாழ 14,000 ஆண்டுகள். அப்போது யாரும் நிலத்தை உழவில்லை. அவை காட்டில் பறித்து வந்தவை. ஃபாவா பயறின் கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காட்டுச் செடியை இன்றுவரை எந்த ஆய்வாளரும் உயிரோடு கண்டதில்லை. கீழ்க் கலிலேயாவில் 10,200 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பயிரிட்டிருக்கிறார்கள்.

நம் கடைகளில் ‘பிராட் பீன்ஸ்’ என்று விற்கும் அவரைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. ஃபாவா கொடியாகப் படராது. சதுரத் தண்டோடு நிமிர்ந்து நிற்கும். வெள்ளைப் பூவில் கருப்புத் திட்டு. குளிர் வேண்டும். வெயில் ஏறினால் பூ கொட்டிவிடும். பீகாரில் பாக்லா என்ற பெயரில் குளிர்காலப் பயிராக விளைகிறது; நம் சமவெளிக்கு அது இறங்கி வராததற்கு வெயிலே காரணம்.

பழைய விதைகள் எல்லாமே சிறியவை. எகிப்து அந்தச் சிறிய விதையை இன்றும் விடவில்லை. காரணம் அடுப்பு. ஒரு காலத்தில் கெய்ரோவில் பொதுக் குளியலறைகளுக்கு வெந்நீர் காய்ச்சிய உலைகள் இரவெல்லாம் கனன்றுகொண்டிருந்தன. கழுத்து குறுகிய பானையில் பயறும் நீரும் நிரப்பி அந்தத் தணலில் புதைத்துவிட்டால் விடியும்போது குழைந்திருக்கும். சிறிய விதை தோலோடு சீராக வேகும், உருக் கலையாது. அதுதான் ஃபூல் மெதம்மஸ். சீரகம், எலுமிச்சை, பூண்டு, எண்ணெய் சேர்த்து லேசாக மசித்து ரொட்டியோடு காலையில் சாப்பிடுவார்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கும் டின்னில் அடைத்த ஃபூல் பழக்கமானதுதான்.

அதே ஊரில் தஅமியா இருக்கிறது. தோல் நீக்கி உடைத்த ஃபாவாவை ஊறவைத்து, வேகவைக்காமல், நாம் பருப்பு வடைக்கு அரைப்பதுபோல அரைத்து, கொத்தமல்லித் தழையும் வெங்காயத்தாளும் சேர்த்துப் பொரிப்பார்கள். பிட்டால் உள்ளே பச்சை. கொண்டைக்கடலை ஃபலாஃபெலைவிட இதுவே ஈரப்பதமும் மணமும் உள்ளது என்பது என் கட்சி.

மத்தியதரைக் கடலைத் தாண்டியதும் பயறோடு அச்சமும் பயணப்பட்டது. பிதாகரஸ் தன் சீடர்களுக்கு இதை விலக்கினார் என்பார்கள். பண்டைய ரோமில் மே மாத நள்ளிரவில் குடும்பத் தலைவர் கருப்பு ஃபாவாவை முதுகுக்குப் பின்னால் எறிந்து ஆவிகளை விரட்டுவார். அச்சத்துக்கு உடலிலும் ஓர் அடிப்படை உண்டு. பயறில் உள்ள வைசின், கன்வைசின் என்னும் பொருள்கள், ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அந்தக் குறைபாடு 1956இல்தான் கண்டறியப்பட்டது. இந்தியாவிலும் அது உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஃபாவாவைத் தொடக்கூடாது.

ஐரோப்பியர்கள் காயைப் பச்சையாகச் சமைக்க விரும்பினார்கள். அதனால் விதை பெருத்தது, தட்டையானது. இங்கிலாந்துத் தோட்டக்காரர் அக்குவாடல்ஸ் ரகத்தை அக்டோபர், நவம்பரில் விதைப்பார். அது உறைபனியைத் தாங்கி வசந்தத்தில் முந்திக் காய்க்கும். குட்டையாகப் பரந்த காயுள்ள விண்ட்சர் வகைகள் பனி தாங்காது, வசந்தத்தில்தான் விதைக்க வேண்டும். காற்று அடிக்கும் இடத்துக்கு முழங்கால் உயரத்துக்கும் குறைவான ‘தி சட்டன்’. கீழ்க் காய்கள் பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், கருப்பு அசுவினி அங்கேதான் அப்பும். கிள்ளிய கொழுந்தைக் கீரையாக வதக்கலாம். பெரிய விதைக்கு ஒரு தொல்லை: தோல் தடித்திருக்கும். கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, நகத்தால் கீறிப் பிதுக்கினால் பளிச்சென்ற பச்சைப் பருப்பு வெளியே வரும். பிதுக்குப் பருப்பு செய்யும் வீடுகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலோடு சாம்பல் நிறமாக வேகவைக்கும் பழைய ஆங்கிலேய வழக்கம்தான் இந்தப் பயறுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

செந்நிறப் பூப் பூக்கும் பழைய ரகம் ஒன்று இங்கிலாந்தில் அழியும் நிலைக்கு வந்தது. கென்ட் மாவட்ட மூதாட்டி ஒருவர் 1978இல் தம்மிடமிருந்த விதைகளைப் பாரம்பரிய விதைக் காப்பகத்துக்குக் கொடுத்ததால் பிழைத்துக்கொண்டது.

கிழக்கே சென்ற பயணம் வேறு விதம். சீனாவில், சிச்சுவானின் பீசியானில் தோல் நீக்கிய ஃபாவாவில் பூஞ்சணம் பிடிக்கவிட்டு, உப்பிட்ட மிளகாயோடு சேர்த்து, மண் தொட்டிகளில் வெயில் காட்டிக் கிளறி, மழைக்கு மூடி, மாதக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். மேற்காசியப் பயறும் அமெரிக்க மிளகாயும் அந்தத் தொட்டியில் சந்தித்தன. டோபான்ஜியாங் என்னும் அந்த விழுது இல்லாமல் மாபோ டோஃபு என்னும் சிச்சுவான் உணவு இல்லை. இங்கே காயின் இளமை, தோலின் தடிமன் எதுவும் பொருட்டல்ல. முற்றிக் காய்ந்த பருப்பு போதும்.

வைசினை உண்டாக்கும் மரபணுவை 2021இல் அடையாளம் கண்டார்கள். வைசின் மிகக் குறைந்த ரகங்கள் ஏற்கெனவே வயலில் உள்ளன. ஆனால் ஃபாவா பூவுக்குப் பூ தேனீயால் கலக்கும் செடி, வைசின் குறைவு ஒடுங்கு பண்பு. பக்கத்து வயலில் பழைய ரகம் பூத்திருந்தால் அடுத்த தலைமுறை விதையில் வைசின் திரும்பி வந்துவிடும். அதனால் விதைக்கென்று விளைவிப்பவர்கள் அந்த ரகங்களை மற்ற ஃபாவா வயல்களிலிருந்து தள்ளியே விதைக்கிறார்கள்.