மே இரவு என்றொரு நீலச் செடி

மாடித் தொட்டியில் இருந்த நீல சால்வியா இந்தக் கோடையிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்கும்போது நர்சரியில் 'சால்வியா புளூ' என்று மட்டும்தான் சொன்னார்கள். பூங்காம்பில் மாவு தூவினாற்போல வெள்ளைப் பூச்சு இருந்ததால், சால்வியா ஃபாரினேசியா என்று பிறகு கண்டுபிடித்தேன். டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்துச் செடி. துளசிக்குத் தூரத்துச் சொந்தம். 1833இல் அதற்குப் பெயர் வைத்தவர் ஜார்ஜ் பெந்தம், தத்துவவாதி ஜெரமி பெந்தமின் தம்பி மகன். லத்தீனில் 'ஃபாரினா' என்றால் மாவு. பெயர் சரிதான்.

ஆனால் நான் ஆசைப்பட்டது வேறொன்றுக்கு. ஐரோப்பியத் தோட்டப் படங்களில் இடுப்புக்குக் கீழே கருநீலக் கதிர் கதிராக நிற்குமே, அது. அதன் பெயர் 'மைநாக்ட்', ஜெர்மன் மொழியில் மே மாத இரவு. பெயரைத் துரத்திக்கொண்டு போனால் பெர்லினை ஒட்டிய போட்ஸ்டாமில், போர்னிம் என்ற இடத்தில் போய் நின்றேன்.

அங்கே நர்சரி நடத்தியவர் கார்ல் ஃபோர்ஸ்டர். பிறந்தது 1874. அப்பா பெர்லின் வானாய்வுக் கூடத்தின் இயக்குநர். பிள்ளை மண்ணைப் பார்த்துக் குனிந்துவிட்டார். அவர் தேடியதெல்லாம், தாங்கித் தாங்கி வளர்க்காமலேயே குளிரையும் வறட்சியையும் கடந்து வருடா வருடம் தானே தழைக்கும் செடிகள். நீலம் என்றால் மனிதருக்குப் பித்து. தோட்டத்து நீலப் பூக்களுக்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதி 1940இல் வெளியிட்டார்.

அந்த வருடத்தை நான் இரண்டு முறை படித்தேன். 1940! வெளியே போர். ஜெர்மன் மண்ணின் செடிகளை மட்டும் வளர்க்கச் சொல்லி நாஜிகளின் நெருக்கடி. அதற்கு அவர் மசியவில்லை, யூத நண்பர்களைத் தன் நர்சரியில் வேலைக்கு வைத்துக்கொண்டார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் எழுதுவது. அதே 1940இல் அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினரானார் என்பதைப் பலர் எழுதுவதில்லை. நர்சரியைக் காப்பாற்றச் சேர்ந்தாரா, பயமா? நல்லவர் என்று ஒரு பக்கம் தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றப் பக்கம் தள்ளவும் வரவில்லை. இரண்டும் நடந்தவைதானே.

போருக்குப் பின் போர்னிம் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. ஃபோர்ஸ்டரின் சீடர் எர்ன்ஸ்ட் பாகெல்ஸ் மேற்கில், டச்சு எல்லைக்கு அருகே லேர் ஊரில் 1949இல் நர்சரி தொடங்கினார். குரு ஒரு சிறு பொட்டலம் சால்வியா நெமரோசா விதையைக் கொடுத்து, இதில் ஏதாவது மணி கிடைக்கிறதா பார் என்றாராம். மத்திய ஐரோப்பாவிலிருந்து மேற்கு ஆசியா வரை காடாக வளரும் சாதாரணச் செடி அது. பாகெல்ஸ் விதைத்து, கழித்து, மிஞ்சியதில் குட்டையாக, அடர்ந்து பூத்த ஒன்றுக்குத் தன் வட்டாரத்தின் பெயரையே வைத்தார்: 'ஓஸ்ட்ஃப்ரீஸ்லாண்ட்', 1955. மறுவருடம், 1956இல், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து குருவின் 'மைநாக்ட்' வந்தது. அப்போது ஃபோர்ஸ்டருக்கு வயது 82.

ஒரு சங்கதி. இந்த 'நீலம்' உண்மையில் நம்மூர்க் கத்தரிப்பூ நிறத்துக்குத்தான் பக்கம். கலப்படமில்லாத நீலம் வேண்டுமென்றால் மெக்சிகோவின் சால்வியா பேட்டன்ஸ். அதன் நிறமி மூலக்கூறுகளும் நிறமற்ற துணை மூலக்கூறுகளும் மெக்னீசியத்தைச் சுற்றி ஒன்றுசேர்ந்து நிற்பதால் வரும் நீலம் அது. ஃபோர்ஸ்டருக்குக் கருநீலமே போதுமாயிருந்தது போல.

மைநாக்ட்டை வளர்ப்பது சுலபம் என்கிறார்கள், அதாவது பனிக்காலம் உள்ளவர்களுக்கு. முழு வெயில், நீர் தேங்காத மண், முதல் பூப்பு முடிந்ததும் ஒட்ட வெட்டினால் மறுபடி கதிர் விடும். குளிரில் மேல்பகுதி காய்ந்து, வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும். சமவெளித் தமிழ்நாட்டின் புழுக்கத்துக்கு அது ஆகாது; நமக்கு அந்த மாவுக் கதிர்தான், அதுவும் குளிர்காலத்துப் பருவச் செடியாக.

விதை போட்டாலும் அசல் மைநாக்ட் வராது. தண்டை வெட்டியோ வேரோடு பிரித்தோதான் பெருக்க வேண்டும். 1961இல் பெர்லினில் சுவர் எழும்பியது. ஃபோர்ஸ்டர் கிழக்கிலேயே இருந்து 1970இல் 96 வயதில் இறந்தார். 1997இல் அமெரிக்காவில் அந்த ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாக மைநாக்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே விற்ற ஒவ்வொரு தொட்டியிலும் இருந்தது, போர்னிமில் ஒரு கிழவர் பொறுக்கி எடுத்த அதே ஒற்றைச் செடியின் துண்டு.